ஐந்து பற்கள்

சுங்கை ஆராவில் மூலை வீடு.
மோட்டாரை நிறுத்தும்போதே தெரிந்தது,
கிரில்லை அறுத்தவன் அவசரப்படவில்லை.
வெட்டு நேராக இருந்தது,
அளவெடுத்துக் கத்தரித்த துணி போல.
சிந்திய இரும்புத்தூளைக்கூட
காலால் ஓரமாய்த் தள்ளியிருந்தான்.

ஜெலுத்தோங்கில் மாடிப்படிக்குக் கீழே என் கடை.
இருபத்தாறு வருஷம் பூட்டோடு பிழைப்பு.
அவசரத் திருடர்களை எனக்குத் தெரியும்:
மெத்தையைக் கிழிப்பார்கள், அரிசி டின்னைக் கவிழ்ப்பார்கள்,
ஒன்றும் சிக்காத கோபத்தில்
கண்ணாடியை உடைத்துவிட்டுப் போவார்கள்.
இவன் நேரே மாடிக்குப் போயிருக்கிறான்.
இரண்டாவது அறை. நீல அலமாரி. மேல்தட்டு.
திரும்பும்போது விளக்கை அணைத்திருக்கிறான்.

"நீங்க ஊர்ல இல்லன்னு யாருக்குத் தெரியும்?"
சார்ஜன் கேட்டாராம்.
"யார்கிட்டயும் சொல்லல சார்,
பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டிக்குக்கூடத் தெரியாது"
என்றாளாம் கோகிலவாணி.

அலமாரி முன்பு எப்படி இருந்தது என்று காட்ட
போனை என் கையில் கொடுத்தாள்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

வியாழன், காலை ஆறு பத்து:
கார் பூட்டில் மூன்று பெட்டிகள்.
ஆறு ஐம்பது: பாலத்தின் மேல் விடியல்,
ஜன்னலுக்கு வெளியே நாக்கைத் தொங்கவிட்டபடி நாய்.
"மைலோவும் வர்றான்!"
(வீட்டில் குரைக்க ஆளில்லை என்று
நான் அதை வாசித்தேன். அவனும்தான்.)
மதியம் கேமரன் மலை, ஸ்ட்ராபெரி,
தர்வினின் சிவந்த வாய்.
"ஞாயிறு வரைக்கும் இங்கதான்."
இன்னும் கீழே, போன மாதம்:
ஆறு மெழுகுவத்தி, பலூன்கள்,
அவற்றுக்குப் பின்னால் சுவரில் வீட்டு எண்.
அதற்கும் கீழே யாருடைய கல்யாணத்துக்கோ கிளம்புகிறாள்,
முதுகுக்குப் பின்னே நீல அலமாரி திறந்திருக்கிறது.
"அம்மா போட்ட அட்டிகை,
ரொம்ப நாளைக்கு அப்புறம்."

அதற்கு நூற்றுப் பதினெட்டு இதயங்கள்.
அதில் ஒன்று அவனுடையதாக இருக்கலாம்.
நான் சொல்லவில்லை.
போன் சுகுமாறன் கைக்குப் போனது.
"இதெல்லாம் எப்ப போட்ட?" என்றார்.
எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.
அவள் போட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல்,
வரிசையாக, பொறுமையாகப் பார்த்தவன்
அந்த ஒருவன்தான் போலிருக்கிறது.

வேலையைப் பார்த்தேன்.
மூன்று தாழ், பித்தளை உருளை, நான்கு சாவிகள்.
துளை போடும்போது மைலோ வந்து
என் முழங்காலைச் சந்தேகமாய் முகர்ந்தது.
இப்போதுதான் இதற்கு வேலை ஞாபகம் வருகிறது.
சாவிகளைக் கொடுத்தேன்.
மூன்று நாளில் முதல்முறையாகச் சிரிக்கிறாள்
என்றார் சுகுமாறன்.
கோப்பி ஓ கொடுத்தார்கள், சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

கெலுகோர் சிவப்பு விளக்கில்
சட்டைப்பைக்குள் போன் 'டிங்' என்றது.
என் பெயரைக் கோத்து ஒரு படம்.
"இனி நிம்மதி! நன்றி ராயப்பன் அண்ணே."
விரித்த உள்ளங்கை.
அதில் என் சாவி,
நல்ல வெளிச்சத்தில், மட்டமாக, துல்லியமாக.

கண்ணாடி போடாமலே வாசித்தேன்:
ஆழம், மேடு, ஆழம், ஆழம், மேடு.
ஹேண்டில்பார் மேல் என் விரல்கள்
தாமாகவே அரம் பிடித்தன.
தகடும் பத்து நிமிஷமும் இருந்தால் போதும்.

போட்டு ஒன்பது நிமிஷம்.
நாற்பத்தோரு இதயம்.

பச்சை விழுந்தது. பின்னால் லாரி ஹார்ன் அடித்தது.
நான் வலது பக்கம் ஒதுங்கி
யூ-டர்னுக்குக் காத்திருந்தேன்.
பையில் இன்னோர் உருளை இருக்கிறது.
என்ன சொல்லி அதை மாட்டுவது
என்பதுதான் தெரியவில்லை.