நாற்பத்தொன்றாம் வீடு

கொயாய்க்கே, படகோனியாவில் ஒரு பள்ளத்தாக்கு.
ஜூன் பிறந்தால் காற்று மலையிறங்கி வந்து
கூரைகளின் மேல் உட்கார்ந்துவிடும்,
எழுந்திருக்காது.
நெருப்பில்லாமல் புகையாது என்பதெல்லாம்
ஈர விறகு வாங்கியறியாதவர்கள் பேச்சு.

சாந்தியாகோவிலிருந்து யஸ்னா பாரியெந்தோஸ் வந்தாள்,
பொருளியல் ஆய்வாளர்,
நூற்றிருபது கருவிகளோடு.
உள்ளங்கை அகலம், ஒற்றை விளக்கு.
வீட்டுக்குள் காற்று நன்றாக இருந்தால் பச்சை,
கெட்டால் சிவப்பு.
கண்ணால் பார்த்தால் மாறுவார்கள் என்பது அவள் கருதுகோள்.
எத்தனை பேர், எவ்வளவு,
புது அடுப்புக்கு மானியம் தந்தால் இன்னும் எவ்வளவு என்பது
அமைச்சகத்தின் அவசரம்.

நான் கதவு தட்டுபவன்.
படிவத்துக்கு இரண்டாயிரம் பேசோ.
நாய்க்கடிக்குத் தனியாக எதுவுமில்லை.

விறகு காய்ந்ததா, ஈரமா?
காய்ந்ததுதான் என்றார்கள் எல்லோரும்.
கொல்லையில் அடுக்கிய லெங்கா கட்டை
சொட்டிக்கொண்டிருக்கும்.
காய்ந்தது என்ற கட்டத்தில் குறியிடுவேன்.
என் வீட்டிலும் அதே வண்டிக்காரன்,
அதே கட்டை, அதே பதில்.

பதினேழாம் கேள்வி:
தூய காற்றுக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள்?
ஒதிலியா நவெல்கின் படிவத்தை என்னிடமிருந்து வாங்கி
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"யாரிடம் தர வேண்டும்?" என்றார்.
அதற்குக் கட்டமில்லை.

மூன்றாம் வாரம்
நாற்பத்தொன்றாம் வீட்டின் கோடு தட்டையானது.
போய்ப் பார்த்தோம்.
கருவியின் தலையில் ஒரு கம்பளித் தொப்பி.
"ராத்திரி முழுக்க முறைக்குது" என்றார் ஒதிலியா.
"அணைச்சா இவருக்கு முழங்கால் பூட்டிக்குது,
எரிச்சா இது.
அதுக்கு ஒண்ணுதான் தெரியும். எனக்கு ரெண்டும் தெரியுதே."
யஸ்னா தலையாட்டினாள்.
வண்டியில் ஏறியதும்
'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாள்.
கையெழுத்து அழகாக இருந்தது.

ஜூலையில் பனி மின்கம்பியை அறுத்தது.
இரண்டு நாள்.
மானிய அடுப்புக்கு மின்சாரம் வேண்டும்,
அவள் வாடகை அறையிலிருந்ததும் அதுதான்.
மூன்றாம் நாள் காலை படிவங்களோடு போனேன்.
வீட்டுக்காரியின் பழைய இரும்பு அடுப்பு
சீறிக்கொண்டிருந்தது, ஈரக் கட்டைக்கே உரிய சீற்றம்.
அவள் தலைமுடியில் எங்கள் ஊர் வாசம்.
மேசையில் உபரியாய் வைத்திருந்த கருவி,
அதன் மேல் அவளுடைய நீலக் கழுத்துத்துணி.
நெசவின் இடுக்கில் சிவப்பு கசிந்தது.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

வெகுநேரம் படிவங்களை எண்ணினாள்.
இருபத்தாறுதான் இருந்தன.
பிறகு கெண்டியை அடுப்பின் மேல் ஏற்றினாள்.
"அந்தப் புது அடுப்பில் கெண்டி நிற்காது," என்றாள்,
"மேலே சரிவு. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை."
"கேள்வி இல்லை" என்றேன்.
மாத்தே கசந்தது.
இருவரும் ஒரே குழலில் குடித்தோம்.

வசந்தத்தில் அறிக்கை வந்தது, நூற்றுப்பத்துப் பக்கம்.
புள்ளிக்கு மூன்று தசமம்வரை போயிருந்தாள்.
எண்பதாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இரண்டு இடங்களில் விளக்கு மூடப்பட்டிருந்தது,
வீடு நாற்பத்தொன்றிலும்
இன்னொன்றிலும்.
இன்னொன்றுக்கு எண் தரவில்லை.
'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல்
தேடியும் கிடைக்கவில்லை.

அமைச்சகம் படித்ததா தெரியாது.
நேற்று வண்டிக்காரன் வந்தான்.
ஈரமா என்று கேட்டேன்.
காய்ந்தது என்றான்.
அரை கன மீட்டர் இறக்கச் சொன்னேன்.