டயர் எண் மூன்று

வெருலத்துக்கு வடக்கே, கரும்புக்குள் கிடக்கும்
பழைய விமான ஓடுபாதையில் ஒரு குழி.
குழியை மூடி ஒரு கண்ணாடி, ஐந்து விரற்கடை தடிமன்.
கண்ணாடிமேல் இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர்.
கீழே, மல்லாந்து, நான்.

விதிப்படி இங்கே கேமரா மட்டும்தான் படுத்திருக்க வேண்டும்.
கார் கடக்கும் அதிர்வில் அதன் கண் இடம் மாறிவிடுகிறது,
பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது.

தண்ணீரில் பச்சைச் சாயம் கரைத்திருக்கிறோம்,
வெளிச்சம் பட்டால் மினுங்கும் துகளும் கொஞ்சம், சலித்த மாவு போல.
தண்ணீர் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை.
துகள் ஓடுவதைப் பார்த்து
தண்ணீர் ஓடியது என்று எழுதிக்கொள்கிறோம்.

காரை ஓட்டுபவன் லங்காலிபலேலே.
வெயில் அடிக்கிறது என்று ஜூலுவில் அர்த்தம்.
மழைச் சோதனைக்குப் பார்த்துப் பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று
முதல் நாளே சிரித்துத் தீர்த்துவிட்டோம்.

டயர் ஒன்று புதுசு. அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.
நான்கு வாய்க்கால். நொடிக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர்
தள்ளுமுள்ளு இல்லாமல் நுழைந்து பின்பக்கம் வெளியேறுகிறது.
சம்பள நாளில் எந்த வங்கியிலும் வரிசை இப்படிப் போனதில்லை.

டயர் இரண்டைப் பற்றி அறிக்கையில் இருக்கிறது.

டயர் மூன்று, உம்கேனி சாலையோரத்தில்
முந்நூற்றைம்பது ராண்டுக்கு நானே பேரம் பேசி வாங்கியது.
பாலிஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்தான் கடைக்காரன்.
"இன்னும் ஒரு வருஷம் ஓடும், ஆன்ட்டி."
அவன் பொய் சொல்லவில்லை.
பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம்.
சட்டத்துக்கு ஒன்று போதும்.

எழுபதில், கறுப்பாய் ஓர் உள்ளங்கை
கண்ணாடியில் பதிந்து போனது.
எண்பதில் பச்சை முன்பக்கமாக ஆப்பு வைத்தது.
மின்வெட்டு. ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
குரங்கு ஒன்று என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு
கரும்புக்குள் போய்விட்டது.
எண்பத்து நான்கில் உள்ளங்கை, கட்டைவிரல் ஆயிற்று.

எண்பத்தாறு.

வெறும் கண்ணுக்கு ஓர் இருட்டு, ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.
கணினிதான் பிறகு விரித்துக் காட்டியது.
அறுபத்து மூன்று படங்கள்.
ஒன்றில்கூடக் கறுப்பு தரையைத் தொடவில்லை.
விளிம்பிலிருந்து விளிம்புவரை பச்சை.
அதன்மேல் ஒன்றேகால் டன் இரும்பு,
வெயில் என்று பேருள்ள ஒருவன்.

மயிரிழையில் தப்பித்தேன் என்பார்கள் எங்கள் வீட்டில்,
படியில் சறுக்கினாலும், சீட்டாட்டத்தில் தோற்காமல் எழுந்தாலும்.
டயருக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்ததை அளந்தேன்.
மிக ஒடுங்கிய இடத்தில் அது
என் தலைமுடி மூன்றை அடுக்கிய உயரம்.

பாதையின் கோடிவரை போய்த் திரும்பி வந்து
ஜன்னலை இறக்கினான்.
எப்படி இருந்தது?
"ஒன்றுமில்லை. ஸ்டியரிங் கொஞ்சம் லேசாக இருந்தது.
நல்லாத்தான் இருந்தது."
ஓட்டுநர் கருத்து என்ற கட்டத்தில்
அதை அப்படியே எழுதினேன்.

தொண்ணூறில் ஒரு ஓட்டம் பார்க்கலாமா என்றான்.
பதில் சொல்லாமல் படத்தைக் காட்டினேன்.
வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதில் நான் எங்கே?"
மேலே, என்றேன். படத்துக்கு வெளியே.
அன்றைக்கு மேற்கொண்டு அவன் வண்டியைக் கிளப்பவில்லை,
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் நிஜ மழை.
சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பும் ஹிகின்சன் நெடுஞ்சாலையில்
இடது ஓரமாக அறுபதில் போகிறேன்.
வலப்பக்கம் ஒரு டாக்சி வேன் தாண்டுகிறது, ஆட்கள் பிதுங்க.
ஜன்னலில் தலை சாய்த்து ஒருத்தி தூங்குகிறாள்.
அதன் டயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எட்டிப் பார்க்கிறேன்.
வெள்ளையாய் ஒரு நீர்த்திரை.
இந்தத் தண்ணீரில் யாரும் சாயம் கலக்கவில்லை.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
ஸ்டியரிங் லேசாக இருக்கிறதா, எப்போதும் இப்படித்தானா?
என்னுடைய நான்கையும் போன வெள்ளிக்கிழமையே
குனிந்து பார்த்திருக்க வேண்டும்.
இன்று செவ்வாய்.