இரண்டாவது கழுத்து

எனக்கு இரண்டு கழுத்து என்று
முப்பத்தோராம் வயதில்தான் தெரிந்தது.
ஒன்றில் தாலி;
ஹட்டன் அடகுக்கடைக்குப் போகும், வரும்.
மற்றதைப் பற்றி
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் இரத்தத்தை
அட்டைக்கடி என்றுதான் கழுவினேன்.
ஏழாம் நம்பர் மலையில் அடைமழை.
இடுப்பில் சவர்க்காரத் துண்டு இருந்தது.
காலில் தேடினேன், தொடையில் தேடினேன்,
அட்டை இல்லை.
அதற்குள் கொழுந்து நிறுக்க விசில் ஊதிவிட்டது.
பதினெட்டுக் கிலோ.
அதில் இரண்டைத் தண்ணீருக்கென்று கழித்தார்கள்.

பிறகு, சந்திரமோகன் கொழும்பிலிருந்து வந்த
தீபாவளி இரவு.
லைட்டைப் போட்டான்.
"என்னடி இது" என்றான்,
கோபமில்லை, பயம்.
இரண்டு பேருமாகப் பாயைத் திருப்பிப் போட்டோம்.

கண்டி ஆஸ்பத்திரியில்
டொக்டர் நில்மினி ஒரு தாளில் படம் கீறினார்,
தலைகீழாய் வைத்த ஆனைக்கொய்யா.
காம்புப் பக்கம் பேனாவால் ஒரு புள்ளி.
பரீனா மிஸ்ஸி தமிழில் சொன்னார்:
"கழுத்தில மட்டுந்தான் இருக்கு. சின்னது.
கழுத்தை எடுத்துட்டு வீட்டை விட்டுவைக்கலாம்.
இல்லாட்டி முழுசா எடுக்கலாம்,
அதுதான் வழக்கம்.
உங்களுக்குப் பிள்ளை வேணுமான்னு கேக்கிறாங்க."

நான் சுவரைப் பார்த்தேன்.
திரும்பவும் கேட்டார்.

அம்மாவிடம் கேட்கவில்லை.
மூன்றாவதாய் என்னைப் பெற்ற நாற்பதாம் நாள்
லொறியில் ஏற்றிப் போனார்கள்,
கொழுந்து ஏற்றும் அதே லொறி,
பதினோரு பெண்கள்.
திரும்பும்போது
ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்,
வயிற்றில் ஒரு தையல்.
அம்மா அந்தக் காசில் வாங்கிய அலுமினியக் குடம்
ஒடுக்கு விழுந்து இன்னும் இருக்கிறது.

அதனால் அந்தக் கேள்வியைக்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
பிள்ளை வேணுமா என்று எனக்கே தெரியாது.
கேட்டார்களே என்பது மட்டும்
பீலித் தண்ணீர்போல முகத்தில் அடித்தது.
"விட்டுவையுங்க" என்றேன்.

கஷ்டமான வரிகள் அப்புறம்தான் வந்தன.
இடுப்பின் நெறிகளை முதலில் எடுத்துப் பார்ப்பார்களாம்.
அங்கேயும் பரவியிருந்தால்
பாதியில் முடிவு மாறும்;
மயக்கத்தில் கிடப்பவளை
எழுப்பிக் கேட்க முடியாது.
அதற்கும் சேர்த்து இப்போதே சம்மதம்.
கருப்பை வாயை ஒரு நூலால் கட்டுவார்கள்,
சாக்கு வாயைக் கட்டுவதுபோல்.
தங்கினாலும் மாதம் நிறையாமல் போகலாம்,
வந்தாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.
தாள் சிங்களத்தில் இருந்தது.
மிஸ்ஸி வரிக்கு வரி விரல் வைத்தார்.
யாரோ கைநாட்டு மை டப்பாவை நீட்டினார்கள்.
பேனா கேட்டேன்.
மருதமுத்து யோகமலர்.
முழுசாக எழுதினேன், இடம் போதவில்லை.

பார்க்க வந்த மச்சாள்
"கவாத்து வெட்டினாப்புல நெனச்சுக்க,
தளிர் வந்துரும்" என்றாள்.
நல்ல மனசு.
ஆனால் கவாத்து மலையில் நின்றவள் நான்.
வெட்டியதில் சிலது
தளிர்க்காமல் கறுத்துப்போகும்.
அவற்றை விறகுக்கு இழுத்து வந்ததும் நாங்கள்தான்.
அவளும்தான்.

கண் விழித்தபோது குளிர்.
கட்டிலோரம் சலப்பை தொங்கியது.
நாக்கு எழும்பவில்லை.
மிஸ்ஸி குனிந்து,
"இருக்கு" என்றார்.

கினிகத்தேனை வளைவுகளில்
அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்,
முட்டைக் கூடையோடு பஸ் ஏறியவள்போல்.

இப்போது நாலு மாதத்துக்கொரு தடவை கண்டி.
நாட்கூலி போகும்.
தாலி போகும், வரும்.
நோய் திரும்பவில்லை.
பிள்ளையும் இல்லை.

நேற்று மிட்வைப் நோனா லயத்துக்கு வந்தார்,
பெரிய புத்தகத்தோடு.
பிள்ளை பெறக்கூடியவர்கள் பட்டியலில்
என் பெயரைச் சிவப்பால் வெட்டியிருந்தார்,
யாரோ சொன்னதைக் கேட்டு.
கண்டித் தாளைக் காட்டினேன்.
இரண்டு தடவை வாசித்தார்.
பக்கத்தில் இடமில்லை.
ஓரத்தில், புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து,
மறுபடி எழுதினார்.
பென்சிலால்.

இருக்கட்டும்.
தேத்தண்ணி வைக்கக்
குடத்தைச் சரித்தேன்.