வருகைப் பதிவு

இணைப்பு ஏழு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
"கலந்தாலோசனையில் பங்கேற்றோர் நாற்பத்தொருவர்.
ஆட்சேபம் எழவில்லை."
கீழே நாற்பத்தொரு கையெழுத்துகள்.
பத்தொன்பதாவதன் மேல் ஒரு தேநீர்க் கறை.

அந்தக் கறையின் ஊரைத் தேடித்தான்
ஜார்ஜியாவின் மேற்கு மலைக்குப் போனேன்.
இரண்டாம் தவணைக் கடன்
என் மேசையில் காத்திருந்தது.
சுரங்கப்பாதை, அணை, மின்நிலையம் எல்லாவற்றுக்கும்
வட்டி விகிதம் தசமத்தில் மூன்று இடம் வரை.
ஆற்றுக்கு மட்டும் பெயரில்லை;
"நீர் உள்ளீடு" என்றிருந்தது.

மக்வாலா பிர்வேலி
பாலாடைக்கட்டி பிழிந்த ஈரக்கையைத் துடைக்காமலே பேசினாள்.
உஷாங்கி மொழிபெயர்த்தான்,
பாதியை விழுங்கி, மீதியை மென்று.

அன்று பனி முழங்கால் வரை.
மின்சாரம் மூன்று நாளாய் இல்லை.
பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரிந்தது, அதனால் போனோம்.
படம் காட்டினார்கள். நீலமாய் ஒரு ஏரி.
எங்கள் இடுகாடு எங்கே என்று கேட்டேன்.
ஏரியில் விரலை வைத்தார்கள்.
வெளியேறும்போது ரொட்டியும் தேநீரும்.
வாங்கியவர்கள் கையெழுத்து.

ரொட்டிக்கு இட்ட கையெழுத்து
ஊருக்குத் தலையெழுத்தாகிப்
பத்தொன்பது மாதம் கழித்து
மூன்று நாடுகள் தள்ளி
என் மேசையில் "சம்மதம்" என்று கிடந்தது.

இழப்பீட்டுப் பட்டியலைப் படித்துக் காட்டினேன்.
காய்க்கும் வால்நட் மரத்துக்கு ஒரு விலை,
காய்க்காததற்கு அதில் பாதி.
"நட்டவன் செத்துவிட்டால்?" என்றாள்.
உஷாங்கி அதை மொழிபெயர்க்கவில்லை.
அவள் தலையசைத்த திசையில்
மரத்தையும் பார்த்தேன்,
அதன் அடியில் நடுகல்லையும்.

பிறகு இறைச்சி அடைத்த அப்பம்.
பிறகு கண்ணெரியும் சாராயம்.
பிறகு ஒரு பள்ளி நோட்டு:
வந்து போகிறவர்கள் எழுதிவிட்டுப் போவது வழக்கமாம்.
எழுதினேன். பெயர், பதவி, வங்கி, தேதி.

அவள் நோட்டை மூடினாள்.
"சாப்பிட்டாய். கையெழுத்திட்டாய்.
அணை வேண்டாம் என்று நீயும் சம்மதித்துவிட்டாய்."

அறை முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

திரும்பும் வழியெல்லாம் ஆறு கூடவே வந்தது,
எந்தக் கோப்பிலும் அடங்காத சத்தத்தோடு.
மனித உரிமை எங்கள் கொள்கையின் நான்காம் பத்தியில் இருக்கிறது.
அழகான பத்தி.
அதை எழுதியவர்களில் ஒருவன் நான்.
கடன் ஒப்பந்தத்தில் அது
"இயன்றவரை" என்ற சொல்லோடு சேர்ந்து வரும்.

அந்தச் சொல்லை அடித்தேன்.
ஊரார் தங்கள் மொழியில் கேட்டு,
தங்கள் மொழியில் மறுக்கவும் முடிகிற ஒரு கூட்டம்
நடக்கும்வரை தவணை இல்லை என்று எழுதினேன்.
நோட்டுப் பக்கத்தின் படத்தையும் இணைத்தேன்.

தலைமையகத்திலிருந்து ஒரே வரி வந்தது:
"படிவத்தில் ஏழு இணைப்புகள்தானே?"

ஆமாம்.
இது எட்டாவது.