பெயரில்லாச் சீட்டு

பிப்ரவரி.
வயலில் உறைபனியும் காக்கைகளும் மட்டும்.
தீயணைப்பு நிலையக் கூடத்தில்
எண்பத்து நான்கு மடக்கு நாற்காலிகள்.
கெஸீனா ஹார்ம்ஸ் பலகையில் எழுதுகிறாள்:
விதை, டீசல், இரண்டு பேர் சம்பளம்,
பசுமைக்குடிலுக்குப் புதுத் தாள்,
சென்ற ஆண்டே இருமத் தொடங்கிய பம்பு.
கூட்டினால்
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் யூரோ.
"கேரட்டுக்கு விலை கிடையாது" என்கிறாள்,
"வருஷத்துக்குத்தான் விலை."

ஆளுக்கொரு சீட்டு. பெயர் வேண்டாம்.
மாதம் எவ்வளவு முடியுமோ
அதை எழுதி, மடித்து,
பழைய ஹெல்மெட்டில் போட வேண்டும்.
எண்ணுகிறவள் நான்.
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்,
ஐந்து காசு இடித்தாலும் தூக்கம் வராது.

தலைக்கு நூற்று நாற்பத்தொன்று என்றது பலகை.
நூற்றிருபத்தைந்து எழுதினேன்.
எரிவாயுக் கட்டணம், கார் டயர்.
காரணங்களுக்கு என்ன பஞ்சம்.

பிரித்துக்கொண்டே போகிறேன்.
நூற்றைம்பது. நூற்று முப்பது. முந்நூறு.
ஒரு சீட்டில்
நாற்பத்தேழு.
ஏழின் வால் தாளின் விளிம்பு வரை
இழுபட்டுக் கிடக்கிறது.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
கீழ்த்தாடைக்குக் கட்டிய செட்டுக்கு
பதினெட்டுத் தவணை கேட்ட படிவத்தில்
அதே வால்.
தலை நிமிரவில்லை நான்.
நிமிர்ந்தால் கண் போய் நிற்கும் இடம் தெரியும்.

ஆறாயிரத்து நூற்றெண்பது குறைகிறது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பரங்கிக்காய் சூப் வந்தது, குடித்தோம்.
மறுபடி சீட்டு.

இரண்டாம் முறை வால் வந்தது
ஐம்பத்தேழாக.
என்னுடையது நூற்றைம்பத்தைந்து.
அதை எழுதியபோது என் காது சுட்டது
சூப்பினால் அல்ல.
பத்தொன்பது யூரோ மிச்சம் என்று அறிவித்தேன்.
மேசைகளை விரல் முட்டியால் தட்டினார்கள்,
இங்கே கைதட்டல் அப்படித்தான்.
ஒரு ராத்திரியில்
பங்காளிகள் ஆகிவிட்டோம்,
வெட்டிக்கொள்ள வரப்புகூட இல்லாத பங்காளிகள்.

ஏப்ரலில் வந்தது
முள்ளங்கியும் கீரையும்.
அடுத்த வாரம் கீரையும் முள்ளங்கியும்.

மருந்தடிப்பதில்லை. ஜூனில்
உருளைச் செடியின் கோடு போட்ட வண்டுகளை
ஜாம் பாட்டிலில் பொறுக்கினோம்.
பஸ் ஓட்டும் நெஜாத் சத்தமாக எண்ணினார்,
நானூற்றுப் பன்னிரண்டில் பாட்டில் தவறி விழ
மறுபடி ஒன்றிலிருந்து.

வெள்ளி மாலை ஓர்ட்ரூட் வீட்டுக் கராஜில்
தராசு, பெட்டிகள், சுவரில் பட்டியல்.
ஓரத்தில் ஒரு கூடை:
வேண்டாததை வை, வேண்டியதை எடு.
அதில் எப்போதும் நூல்கோல்.
எடுத்துப்போன நூல்கோலைச் சிலர்
மறுவாரம் அதிலேயே வைத்ததாகக் கேள்வி.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
பதினோரு நிமிடம் ஆலங்கட்டி.
பசுமைக்குடிலின் புதுத் தாள் சல்லடை.
தக்காளி எல்லாம் அடிபட்ட முட்டிகள்போல.
ஊர் சூப்பர் மார்க்கெட்டில்
தக்காளிகள் பளபளத்தன.
மழை பெய்ததே அவற்றுக்குத் தெரியாது.

அந்த வெள்ளி, பெட்டியில்
கிழிந்த பீட்ரூட் இலை ஒரு கட்டு,
ஒரு வெங்காயம்,
கெஸீனாவின் கையெழுத்தில்
"இந்த வாரம் ஓட்டைகள் இலவசம்."
சிரித்தவர் உண்டு. சிரிக்காதவரும்.
முந்நூறு எழுதியவர் யாரோ,
அவரும் இதே வெங்காயத்தைத்தான்
பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்.
பணத்தைத் திருப்பிக் கேட்டு
ஒருவரும் வரவில்லை.
ஞாயிறு, தாள் தைக்க
ஊசியோடு வந்தார்கள் இருபத்தாறு பேர்.
அவர்களில் ஒருவர்
வாயை மூடியே சிரித்தார்.
புதுப் பற்கள் இன்னும் பழகவில்லை போலும்.

நவம்பரில் கோசு. டிசம்பரில் கோசு.
ஜனவரியில், ஒரு மாறுதலுக்கு,
சிவப்புக் கோசு.

மறுபடி பிப்ரவரி. அதே கூடம், அதே ஹெல்மெட்.
பலகையைப் பார்க்கும் முன்பே
எழுதி மடித்துவிட்டேன்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
சீட்டில் பெயர் இல்லை.