வால்வு, கடல்நீர், ஒன்று

கிட்டெரியில் ஜனவரி.
பிஸ்கட்டாக்வா ஆறு உறைவதில்லை,
கடலேற்றம் விடுவதில்லை.
பனிப்பாளங்கள் மட்டும் பாலத்தடியில் போவதும் வருவதுமாய்,
உத்தரவு மாறி மாறி வருகிற மாதிரி.

மூன்று வருடமாய் உலர்துறையில் ஒரு நீர்மூழ்கி.
பதுங்கித் தாக்கும் ரகம்.
இப்போது பதுங்க முடியாது,
பச்சைத் தார்ப்பாய் போர்த்திய முதுகு
நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது.
அதன் அணு உலை யார் பொறுப்போ,
பண்டகச் சாலையின் சிவப்புச் சீட்டுக் கட்டு
என் பொறுப்பு.

முதலில் ஒரு வால்வு கேட்டார்கள்.
நார்ஃபோக்கில் ஒன்று வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறது.
புதிதாய் வார்த்து வர முப்பத்தொரு மாதம்.
ஆர்லோ பெல்கி இரண்டு நாள் மல்லாந்து கிடந்து கழற்றினான்.
துளைக்கு மேல் ஒரு வெற்றுத் தகடு வைத்து
பன்னிரண்டு போல்ட்டும் முறுக்கினான்.
சீட்டில் நான் எழுதினேன்: ‘கடனாக’.

பிறகு பம்ப்.
பிறகு காற்று சுத்திகரிப்பானில் பாதி.
(மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
மறுவாரம் அதையும் கொடுத்தோம்.)
உதிரி என்று எழுதுகிறோம்.
தானாக எதுவும் உதிரவில்லை,
நெம்பி எடுத்தது எல்லாம்.

ஏப்ரலில் வந்த படிவத்தில்
வரிசை எண் இருக்க வேண்டிய கட்டத்தில்
ஓர் ஆளின் பெயர்.
டெஸ்மண்ட் ஊலெட், சோனார்.
சான் டியேகோவில் ஒருவனுக்கு இடது காது போய்விட்டதாம்.
எண்ணிக்கை: ஒன்று.
படிவம் தவறி என் மேசைக்கு வந்திருந்தது.
தவறு என்று சொல்லத்தான்
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் மனைவி கோலெட்டைக் கடையில் பார்த்தேன்.
ஏழு மாத வயிறு, தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றாள்.
“அவரை எடுத்த இடத்தில்
எந்தத் தகட்டை வைத்து மூடுவீர்கள்?”
உருளைக்கிழங்கு இந்த வாரம் மலிவு என்றேன்.
அதையா சொல்வேன்?

போன செவ்வாய் ஒரு மரப்பெட்டி இறங்கியது.
புதியது என்று கையெழுத்துப் போடப்போனேன்.
மெழுகுத்தாளை விலக்கினால்
கடைசி நான்கு இலக்கம் 4471.
நம்முடையதேதான்.
கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் நான்கு சீட்டு,
நான்கு கப்பல், நான்கு பேனா,
எல்லாவற்றிலும் அதே சொல்,
அடியில் என் கோணல் எழுத்து.
எத்தனை ஆழம் போய்வந்ததோ.
ஒரு கடலின் பெயரும் சீட்டில் இல்லை,
அது ரகசியம்.

ஆர்லோ வாய்க்குள் விரல் விட்டுத் துழாவி
நக்கிப் பார்த்தான்.
“எந்தக் கடல்?” என்றேன்.
“கிரீஸ்” என்றான்.

மாட்டுவதற்கு அவன் உள்ளே தவழ்ந்து போயிருக்கிறான்.
தகடு இறுகிப்போய் வர மறுக்கிறது போல,
சுத்தியல் சத்தமும் பிரெஞ்சு வசவும்
எஃகு வழியாக வருகின்றன.

மேசையில் தொலைபேசி.
பேர்ல் ஹார்பர் எண்.
அங்கே இன்னும் மதியம்தான்,
வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது.

பதினோரு முறை அடித்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.