உபரி

லிப்ட் எங்கள் மாடி வரைக்கும் உண்டு.
அதன் சாவி கீழே, இங்கிலீஷ் பிரிவில்.
நாங்கள் நான்காம் மாடி, தமிழ் மீடியம்,
சீத்தா கேம்ப், மும்பை எண்பத்தெட்டு.

ஜூனில் அறுபத்து நாலு பிள்ளைகள்.
அறுபத்தொன்று இருந்தால் மூன்று டீச்சர்,
அறுபது என்றால் இரண்டு.
இந்தக் கணக்கை நான் வகுப்பில் நடத்துவதில்லை.
ராத்திரியில் போட்டுப் பார்ப்பதோடு சரி.

ஒருவன் விழுப்புரம் போனான், கொத்தனார் அப்பாவோடு.
ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேருக்கு
காத்திருப்புப் பட்டியல் நகர்ந்து
கீழே இடம் கிடைத்தது.
அதிலொருவன் சுடலைராஜ்.
அவர்கள் அம்மா சாக்லேட் கொண்டுவந்து எனக்கும் ஒன்று தந்தாள்.
தின்றேன். நல்ல சாக்லேட்தான்.

அவன் அக்கா பேச்சித்தாய் ஆறாம் வகுப்பு.
ஆகஸ்டிலிருந்து வரவில்லை.
கீழே பீஸ் இல்லை, ஆனால் டியூஷன் உண்டு,
மாதம் அறுநூறு.
ஒரு மூட்டை பூண்டு உரித்தால் என்ன கிடைக்கும் என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் வகுத்துப் பார்த்துவிடுவேன்.

மழைக்கான குடைகள் அக்டோபரில் வந்தன.
கறுப்புக் குடை, அறுபத்து நாலு.
வெயிலுக்கு ஆகும் என்றார் எஸ்தர் டீச்சர்.
மூன்று பேரில் கடைசியாகச் சேர்ந்தவர் அவர்தான்.
போகவேண்டி வந்தால் முதலில் போகிறவரும்.
சுவரில் பெரிய டிவி இருக்கிறது,
அதற்குள் பாடங்கள் இருக்கின்றன,
மராத்தியில், இந்தியில், உருதில்.
தமிழ் 'விரைவில்' என்று மூன்று வருடமாகச் சொல்கிறது.

கற்றல் விளைவு பார்க்க ஒரு அதிகாரி வந்தார்.
மூன்றாம் வகுப்பு ஹபீபாவிடம் ஒரு பத்தி நீட்டினார்.
'விடியலில் ஏர் பிடித்து வயலுக்குப் போனார்.'
தடையில்லாமல் வாசித்தாள்.
அர்த்தம் சொல் என்றார்.
ஏர்னா காத்து தானே சார், காத்தை எப்படிப் பிடிப்பாங்க?
அவர் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தார்.
நல்ல கேள்வி என்று எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை.

பிறகு மராத்தியில் சுற்றறிக்கை: அதிரிக்த.
தமிழில் உபரி.
முதல் சுற்றில் பெஞ்சுகள் மட்டும்.
பதினெட்டு பெஞ்சை எங்கள் பிள்ளைகளே இறக்கினார்கள்,
நாலு நாலு பேராக, திருப்பத்தில் சுவரை உரசி,
தள்ளு தள்ளு என்று கத்திக்கொண்டு.
பாடமில்லாத நாள், அவர்களுக்குக் கொண்டாட்டம்.
நான் லிப்ட் சாவி கேட்டேன்.
லிப்டில் பெஞ்சு நுழையாதாம்.

மே மாதம் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவோம்.
ஒரு வாசலில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:
உங்க பையன் எங்க டீச்சர் படிக்கிறான்?
செம்பூரில், கான்வென்ட்டில்.
அதைச் சொல்லாமல் இருக்க
அந்தச் சொம்பை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ
அவ்வளவு மெதுவாகக் குடித்தேன்.

நேற்று கையெழுத்து வாங்கக் கீழே போனேன்.
இரண்டாம் வரிசையில் சுடலைராஜ், புது டை.
அவன் பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறிய பெயர்.
பேச்சித்தாய்.
'ச்' மேலிருக்கும் புள்ளியை அவள் குடைந்த குடைச்சலில்
பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது.
அதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டே கேட்டான்:
டீச்சர், இது உங்க எழுத்தா?

ஆமாம் என்றுதான் சொன்னேன்.
வேறென்ன சொல்ல, மணி அடித்துவிட்டது.

மேலே வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
எஸ்தர் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே
இன்றைக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

அறுபத்தொன்று.